ஸ்காபரோ வீதிகளுக்கு வணிகர் அமைப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் மார்க்கம் வீதி, எல்ஸ்மியர், லோரன்ஸ், எக்ளின்ரன், ஷெப்பேர்ட், பிஞ்ச் என்று எந்தப் பெருவீதியில் சென்றாலும் தமிழர் நடத்தும் கடைகளைக் காணலாம். பலசரக்குக் கடை, மீன் கடை, நகைக்கடை, புடவைக் கடை, கொத்துரொட்டியும் இடியப்பமும் விற்கும் சாப்பாட்டுக் கடை, வருமான வரிப் படிவம் நிரப்பித் தரும் அலுவலகம் என்று, 1983க்குப் பின் இங்கு வந்து சேர்ந்த நம் மக்கள் ஒவ்வொன்றாகக் கட்டியெழுப்பியவை இவை. இவ்வளவு கடைகள் இருந்தும், ஒரு சந்தியைச் சுற்றியுள்ள வணிகர்கள், எந்த மொழி பேசுபவராயினும், ஒன்றுகூடித் தங்கள் வீதிக்காக மாநகரசபையிடம் பேசுவதற்கான அமைப்பு இவ்விடங்களிற் பெரும்பாலானவற்றில் இல்லை. ரொறன்ரோவில் அத்தகைய அமைப்புகள் 80க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி பழைய நகருக்குள்ளேயே இருக்கிறது. நம் பக்கத்தில் இருப்பவை மிகச் சிலவே. இந்தக் குறையை நம் வணிகர்கள் தாமே முன்வந்து நீக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பி.ஐ.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் வணிக மேம்பாட்டுப் பகுதி என்ற இந்த ஏற்பாடு, உலகிலேயே முதன்முதலாக இந்த நகரில்தான் தோன்றியது. 1960களில் புளோர் வீதியின் மேற்கே, ஜேன், ரனிமீட் சந்திகளை அண்டியிருந்த சிறு கடைக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்தது. 1964இல் யோர்க்டேல் பேரங்காடி திறக்கப்பட்டதும் கார் வைத்திருந்தவர்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். 1968இல் சுரங்க ரயில் அப்பகுதிக்கு நீட்டப்பட்டதும், அதுவரை ட்ராம் வண்டியில் வந்து கடைவாசலில் இறங்கியவர்கள் நிலத்தின் கீழாகப் பயணம் செய்யலானார்கள். விரும்பியவர் மட்டும் சந்தா கட்டும் வணிகர் சங்கம் அங்கு ஏற்கெனவே இருந்தது. ஆனால் நடைபாதையில் விளக்கும் மரமும் வைத்தால், சந்தா கட்டியவரின் கடைக்கும் கட்டாதவரின் கடைக்கும் கிடைக்கும் பயன் ஒன்றுதான்; அப்படியிருக்கச் சந்தா கட்டுபவர்கள் சிலராகவே இருப்பார்கள். எனவே அவ்வணிகர்கள் வேறொரு வழியைக் கேட்டார்கள். தங்கள் எல்லைக்குள் இருக்கும் எல்லா வணிகச் சொத்துகள் மீதும் ஒரு மேலதிகக் கட்டணத்தை விதித்து, சொத்துவரியோடு சேர்த்து மாநகரசபையே அதை வசூலித்து, அந்தப் பணத்தை அப்பகுதியின் வணிகர்கள் தெரிவு செய்யும் குழுவிடம் கொடுக்க வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. மாகாணம் அதற்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. 1970இல் புளோர் வெஸ்ட் வில்லேஜ் பி.ஐ.ஏ. உருவாயிற்று. இன்று ஒன்ராறியோவில் மட்டும் 300க்கு மேற்பட்ட பி.ஐ.ஏ.க்கள் இருக்கின்றன. அமெரிக்கா, பிரித்தானியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளும் இதே முறையைப் பின்பற்றி வருகின்றன.

இந்த அமைப்பின் சட்ட விதிகளை நம் கடைக்காரர்களிற் பலர் அறிந்திருக்கவில்லை என்பதை அவர்களோடு பேசும்போதெல்லாம் உணர்கிறேன். ஆகவே அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2001ஆம் ஆண்டின் ஒன்ராறியோ நகராட்சிச் சட்டம் பி.ஐ.ஏ.வுக்கு இரண்டு நோக்கங்களை வகுத்திருக்கிறது: நகரசபைக்குச் சொந்தமான நிலத்தையும் கட்டமைப்புகளையும், நகரசபை பொதுவாகச் செய்வதற்கு மேலாக அழகுபடுத்திப் பராமரிப்பது ஒன்று, அப்பகுதியை வணிக இடமாக மக்களிடம் அறிமுகப்படுத்துவது மற்றொன்று. ரொறன்ரோவுக்கென்று தனிச் சட்டம் இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். உறுப்பினராக இருப்பவர் கட்டட உரிமையாளர் மட்டுமல்லர்; குத்தகை ஒப்பந்தப்படி சொத்துவரியின் ஒரு பங்கையாவது கட்டும் வாடகைக் கடைக்காரரும் உறுப்பினரே. எத்தனை கட்டடம் வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். பத்துக் கடைகளுக்கு உரிமையாளராக இருக்கும் நிறுவனத்துக்கும், ஒரு மூலையில் சிறு கடை வைத்திருக்கும் அக்காவுக்கும் பொதுக்கூட்டத்தில் ஒரே எடை. நம்மவரிற் பெரும்பாலானோர் வாடகைக்குக் கடை நடத்துகிறவர்கள் என்பதால், இதைவிட நமக்கு வாய்ப்பான விதி வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தை உறுப்பினர்களின் பொதுக்கூட்டம் விவாதிக்கிறது. அதன் பின் அதை மாநகரசபை ஏற்றுக்கொள்ள வேண்டும். நிர்வாகக் குழுவில் மாநகரசபையின் பிரதிநிதியும் இருப்பார். கணக்குகள் தணிக்கை செய்யப்படுகின்றன. சங்கம் என்றதும் தலைவர் பதவிப் போட்டியையும் கணக்குச் சண்டையையும் நினைத்து ஒதுங்கும் நம்மவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வீதியோர விளக்கு, இருக்கை, மரம், பூந்தொட்டி முதலிய நிரந்தர மேம்பாட்டு வேலைகளுக்கு ஆகும் செலவிற் பாதியை ரொறன்ரோ மாநகரசபை பங்கிட்டுக்கொள்கிறது. அமைப்பு இல்லாத வீதிக்கு அந்தப் பாதி வருவதில்லை. அதாவது, நாம் கட்டும் வரியிலிருந்து செல்லும் பணம் ஒழுங்காகத் திரண்டிருக்கும் வேறு வீதிகளை அலங்கரிக்கிறது.

"அதெல்லாம் கடைகள் ஒட்டியொட்டி வரிசையாக இருக்கும் டவுன்ரவுனுக்குச் சரி, கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் கடைத்தொகுதிகள் தள்ளித்தள்ளி இருக்கும் ஸ்காபரோவுக்குச் சரிவராது" என்று சிலர் சொல்கிறார்கள். இதற்கு மறுமொழி ஸ்காபரோவிலேயே இருக்கிறது. லோரன்ஸ் அவெனியூ கிழக்கில் இருக்கும் வெக்ஸ்போர்ட் ஹைற்ஸ் பி.ஐ.ஏ., முழுக்க முழுக்க இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்துக் கடைத்தொகுதிகளால் ஆனது. மத்திய கிழக்கு உணவகங்களும், பிலிப்பினோ கடைகளும், தெற்காசியக் கடைகளும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் கோடையில் அந்தப் பெருவீதியை மறித்து அவர்கள் நடத்தும் 'ரேஸ்ற் ஒஃப் லோரன்ஸ்' விழாவுக்கு நகரின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். கடைத்தொகுதிகள் நிறைந்த புறநகர் வீதியிலும் இது நடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனாலும் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. பி.ஐ.ஏ.வின் மேம்பாட்டுப் பணம் பொது நிலத்துக்கானது. உடைந்த கார் நிறுத்துமிடமும், எரியாத பெயர்ப்பலகையும் தனியார் கடைத்தொகுதியின் உரிமையாளர் பொறுப்பு, அவற்றை பி.ஐ.ஏ. பழுதுபார்த்துத் தராது. ஸ்காபரோவில் இது சிறிய விடயமன்று. ஆயினும் தனித்தனியாகக் கேட்டுச் சலித்த கடைக்காரர்கள், உரிமையாளரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அதே குறையை எழுப்பும்போது கிடைக்கும் கவனம் வேறாக இருக்கும் என்பது என் நம்பிக்கை.

இப்போது இதை எழுதுவதற்கு உடனடிக் காரணமும் உண்டு. 2023 யூலையில் ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் தடம் புரண்டு நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்குப் பதிலாக, கென்னடி நிலையத்திலிருந்து மக்கோவன் வீதி வழியாக ஷெப்பேர்ட் வரை 7.8 கிலோமீற்றர் நீளத்துக்குச் சுரங்க ரயில் நீட்டப்படுகிறது. லோரன்ஸ், ஸ்காபரோ சென்ரர், ஷெப்பேர்ட் ஆகிய மூன்று இடங்களில் நிலையங்கள் வரும். நம் மக்கள் செறிந்து வாழும் இடங்களுக்கு இந்த ரயில் மிகவும் தேவை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எக்ளின்ரனில் நடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். 2011இல் தொடங்கி 2020இல் முடியும் என்று சொல்லப்பட்ட இலகு ரயில் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவ்வீதியில் லிட்டில் ஜமேக்கா என்று பெயர்பெற்ற பகுதியில் முடிதிருத்தும் கடைகளும் உணவகங்களும் இசைத்தட்டுக் கடைகளும் வேலிகளுக்கும் தூசிக்கும் பின்னால் மறைந்து, பல மூடப்பட்டே போயின. அங்கே பி.ஐ.ஏ. இருந்தது; அது எல்லாக் கடைகளையும் காப்பாற்றிவிடவில்லை. ஆனால் நட்டத்தைக் கணக்கெடுக்கவும், மாகாணப் போக்குவரத்து நிறுவனமான மெற்றோலிங்ஸின் அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்கவும், "கடைகள் திறந்திருக்கின்றன" என்று வேலிகளில் எழுதி வைக்கச் செய்யவும், பத்திரிகைகளிடம் பேசவும் அங்கே ஆள் இருந்தது. மக்கோவன் வழியிலுள்ள நம் கடைக்காரர் ஒருவர் தன் வாசலுக்கு வரும் திருப்பம் அடைபட்டால் யாரிடம் போவார்? ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கவுன்சிலர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

பெருந்தொற்றுக் காலத்திலும் இதே வேறுபாடு தெரிந்தது. 2020இல் உணவகங்கள் வெளியே மேசை போடுவதற்கு மாநகரசபை தொடங்கிய கஃபே ரி.ஓ. திட்டத்தில், பி.ஐ.ஏ. உள்ள வீதிகளில் அவ்வமைப்புகள் விண்ணப்பங்களை ஒருங்கிணைத்தன. சிறு கடைகளை இணைய விற்பனைக்குத் தயார்படுத்தும் 'டிஜிற்றல் மெயின் ஸ்ரீற்' திட்டத்தை 2016இல் மாநகரசபையோடு சேர்ந்து தொடங்கியதும் ரொறன்ரோ பி.ஐ.ஏ.க்களின் கூட்டமைப்பே. உதவிகள் வரும்போது அவை முதலில் போய்ச் சேர்வது முகவரி உள்ள இடத்துக்கு.

கட்டணம் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். அது நியாயமான அச்சம். பி.ஐ.ஏ. கட்டணம் சொத்து மதிப்பீட்டின் விகிதப்படி பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதியின் ஆண்டு வரவுசெலவு 150,000 டொலர் என்றும், ஒரு கடையின் மதிப்பீடு அப்பகுதியின் மொத்த வணிக மதிப்பீட்டில் இருநூற்றில் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொண்டால், அக்கடைக்கு ஆண்டுக்கு 750 டொலர், மாதத்துக்கு 62.50 டொலர் வரும். கட்டட உரிமையாளரின் வரிப் பட்டியலில் வரும் இத்தொகை, பெரும்பாலான குத்தகைகளில் ரி.எம்.ஐ. (வாடகைக்கு மேல் கட்டும் வரி, பராமரிப்பு, காப்புறுதிச் செலவு) வழியாக வாடகைக்காரரின் தலையிலேயே இறங்கும். மாதம் முடியும்போது எதைக் கட்டுவது, எதைத் தள்ளிவைப்பது என்று கணக்குப் போடும் கடைக்காரருக்கு இதுவும் ஒரு சுமையே. ஆனால் தொகையைத் தீர்மானிப்பது அவரும் வாக்களிக்கும் பொதுக்கூட்டம். சிறிய தொகையோடு தொடங்குவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பகுதியை நிறுவுவதே வேண்டாம் என்று எண்ணுவோருக்கும் வழி உண்டு: ரொறன்ரோவில் அஞ்சலில் வரும் வாக்குச்சீட்டின் மூலம் மறுக்கலாம், ரொறன்ரோவுக்கு வெளியேயுள்ள மார்க்கம், ஏஜக்ஸ் போன்ற நகரங்களில், அறிவித்தல் பெறத் தகுதியுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினரும், வரியில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டுபவர்களும் 60 நாட்களுக்குள் எழுத்தில் எதிர்த்தால் திட்டம் நின்றுவிடும்.

வீதி அழகானால் வாடகை ஏறிவிடும் என்பது இன்னொரு அச்சம். ஒன்ராறியோவில் வணிக வாடகைக்கு உச்சவரம்பு இல்லை. எனவே வீதி அழகானாலும் ஆகாவிட்டாலும் குத்தகை முடியும் நாளில் வாடகை ஏறத்தான் போகிறது. இதைவிடப் பெரிய ஆபத்து, பழைய கடைத்தொகுதிகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்புவது. இடிப்பதானால் சில மாத அறிவித்தலில் வெளியேற வேண்டும் என்ற நிபந்தனை பல குத்தகைகளில் இருக்கிறது. புதிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சிறு கடைகளுக்கேற்ற அளவில் இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்று திட்டமிடல் கூட்டங்களில் ஆண்டாண்டாகத் தொடர்ந்து கேட்பதற்கு, கடையை விட்டு நகர முடியாத தனி வணிகரால் இயலாது.

இது தமிழர் சங்கமாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. எல்லைக்குள் இருக்கும் சீனர் மருந்துக்கடையும், ஆப்கானியர் ரொட்டிக்கடையும், பிலிப்பினோ வெதுப்பகமும் உறுப்பினர்களே. அதனால் நம் அடையாளம் மங்கிப்போகும் என்று எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. புளோர் வெஸ்ட் வில்லேஜ் வீதியில் உக்ரேனியர் விழா ஆண்டுதோறும் நடக்கிறது. ஜெரார்ட் வீதியில் 1972இல் நாஸ் திரையரங்கு தொடங்கியதைச் சுற்றி வளர்ந்த இந்தியக் கடைவீதி, அதன் வாடிக்கையாளரிற் பெரும்பாலோர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்த பின்னும் ஒரு பி.ஐ.ஏ.வாகத் தாக்குப்பிடித்து நிற்கிறது. 1991 முதல் இயங்கும் கனடியத் தமிழர் வர்த்தக சம்மேளனம் நம் தொழில்முனைவோரை இணைக்கும் நற்பணியைச் செய்து வருகிறது. ஆனால் அது சமூகம் முழுவதற்குமான அமைப்பு. ஒரு சந்தியின் பேருந்துத் தரிப்பிடத்தில் முதியவர்கள் உட்கார இருக்கை இல்லை என்பதை அந்தச் சந்தியின் வணிகர்கள்தாம் நாள்தோறும் பார்க்கிறார்கள். கார் ஓட்டாத நம் பெற்றோர், பனிக்காலத்தில் இரு பைகளோடு பேருந்துக்குக் காத்து நிற்பவர்கள், இந்தக் கடைகள் இல்லாவிட்டால் எங்கே போவார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சம்மேளனம் தன் அனுபவத்தையும் சட்ட அறிவுள்ள உறுப்பினர்களின் உதவியையும் கொடுத்தால், முதற்படி எளிதாகும்.

அந்த முதற்படி பெரியதன்று. ஒரு சந்தியைச் சுற்றியுள்ள உரிமையாளர்களும் வாடகைக்காரர்களும் சிலர் சேர்ந்து ஆரம்பக் குழு அமைத்து, தம் கவுன்சிலரிடமும் மாநகரசபையின் பி.ஐ.ஏ. அலுவலகத்திடமும் விருப்பத்தைத் தெரிவித்தால், எல்லை வகுப்பது, கூட்டம் கூட்டுவது, வாக்குச்சீட்டு அனுப்புவது ஆகியவற்றுக்கு அந்த அலுவலகமே வழிகாட்டும். மக்கோவன் வழியிலுள்ளவர்கள் இதில் முந்திக்கொள்ள வேண்டும். ரயில் வேலை அவர்களுக்காகக் காத்திருக்கப்போவதில்லை.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய கூட்டங்களுக்கான அறிவித்தல்கள் ஆங்கிலத்தில் கட்டட உரிமையாளருக்குப் போகின்றன. வாடகைக்காரரிடம் வந்து சேராமலே பல நின்றுவிடுகின்றன. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பகுதிகளில் அவை வெளியாகும்போது தமிழில் சுருக்கி வெளியிட்டு, கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலளிக்க ஒரு பத்தியை ஒதுக்கினால் பேருதவியாக இருக்கும். கூட்டங்களில் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று மாநகரசபைக்கு எழுதுவதற்கும் தங்கள் ஆதரவை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் கடைக்காரர் ஒருவர்,
ஸ்காபரோ