கூரை திறக்கும் கார்களுக்கும் ஒரு விதி எழுதுங்கள்: டிராக் டே நடத்துவோருக்கு வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மோட்டார் விளையாட்டுக் கழக நிர்வாகிகளுக்கும், டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்), ஆட்டோகிராஸ் (குறுகிய பாதையில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) ஆகியவற்றை நடத்தும் அமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் சத்துவாச்சாரியில் குடியிருந்து, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்கு வேதிப்பொருள் விற்றுப் பிழைப்பவன். ஆறாண்டுகளுக்கு முன் பழைய பிஎம்டபிள்யூ இசட்4 ஒன்றை வாங்கினேன். இரண்டே இருக்கை, மடங்கும் உலோகக் கூரை. வீட்டில் வேறு கார் இல்லாததால் தொழிற்சாலைக்கும், காய்கறிக் கடைக்கும், மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும் இதே வண்டிதான். மன்னனில்லாக் கோட்டை, நீரில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லாக் கோயில் என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்டதால் கடைசிப் பழி தீர்ந்துவிட்டது. அந்த இடத்தை நிரப்பத்தான் நான் கூரையில்லாக் கார் வாங்கி வந்தேன் என்பது என் மைத்துனரின் கண்டுபிடிப்பு. கத்திரி வெயிலில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த மடலை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி சென்ற ஆண்டு நடந்தது. அமைப்பாளர் யார் என்பது இங்கே வேண்டாம். சென்னைக்கருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் ஒரு டிராக் டே அறிவிக்கப்பட்டது, பணம் கட்டினேன், என்ன கார் என்று படிவத்தில் தெளிவாக எழுதினேன், விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, வாலாஜா, காஞ்சிபுரம் புறவழி, ஸ்ரீபெரும்புதூர் என்று ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஓட்டிப் போய்ச் சேர்ந்தேன். வாகனச் சோதனையில் முதலில் நின்றவர், கூரையை மூடிவிட்டால் போதும் என்றார். இரண்டாமவர், கூரை திறந்துதான் இருக்க வேண்டும், அப்போதுதான் மீட்புக் குழுவினர் எளிதில் எட்ட முடியும் என்றார். என் காரில் டிக்கியின் கொள்ளளவு 310 லிட்டர். கூரையை மடித்தால் அது 180 லிட்டராகச் சுருங்கும். ஆகவே ஹெல்மெட், ஜாக்கி, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் தரையில் இறக்கி வைத்துவிட்டுக் கூரையை மடித்தேன். அதன்பின் மூன்றாமவர் வந்து, முழு ரோல் கேஜ் (கவிழ்ந்தால் காக்கக் காருக்குள் பொருத்தும் இரும்புக் குழாய்க் கூண்டு) இல்லாத கன்வெர்ட்டிபிளுக்கு, அதாவது கூரை திறக்கும் காருக்கு, அனுமதியே இல்லை என்றார். அதே காரை, அதே ஓட்டுநரோடு, வேறோர் அமைப்பாளர் ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு பார்வைகூடப் பார்க்காமல் உள்ளே விட்டிருந்தார். திருப்பி அனுப்பியவர்மீது எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் உண்மையில் அச்சம் தருபவர் பார்க்காமல் விட்டவர்தான்.

நான் சலுகை எதுவும் கேட்கவில்லை. விதி வேண்டும், அது அளந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கிடைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பது எது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. மடங்கும் உலோகக் கூரையை மூடிவிட்டால் அது சாதாரண காரின் கூரையாகிவிடும் என்று எண்ணுவது தவறு. அது மழைக்கும் வெயிலுக்கும் செய்த மூடி, துணிக் கூரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எடையைத் தாங்க வேண்டியவை இரண்டு: முன் கண்ணாடியின் வலுவூட்டிய சட்டம், இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் வளையங்கள். என் காரில் இந்த வளையங்கள் தொழிற்சாலையிலேயே நிலையாகப் பொருத்தப்பட்டவை. வேறு சில கார்களில் அவை உள்ளே பதுங்கியிருந்து, கவிழப்போகிறது என்று உணரிகள் கண்டுகொண்டால் மேலெழும். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவற்றில் அவை இல்லவே இல்லை. அந்தக் கார் 1989-இல் வந்தது. உலகெங்கும் டிராக் டேக்களில் அதிகம் காணப்படும் திறந்த கார்களில் ஒன்று. வெளிநாடுகளில் அதன் உரிமையாளர்கள் பலர் தனியாக ரோல் பார் (இருக்கைக்குப் பின்னால் நிற்கும் குழாய் வளையம்) பொருத்திக்கொண்டு வருகிறார்கள்.

அந்த நாடுகளில் சோதனை செய்பவர் கையில் இருப்பது ஒரு துடைப்பக் கட்டை. ஓட்டுநர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து வார் போட்டுக்கொள்ள, பின்வளையத்தின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்குக் கட்டையை வைப்பார்கள். ஹெல்மெட் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி கேட்பவர்களும் உண்டு. வீட்டு வாசலில் இதைச் செய்து பார்த்தேன். இருக்கையை முழுவதும் தாழ்த்தினால் நான் தேறுகிறேன். ஆறடி உயரமுள்ள என் மைத்துனர் தேறவில்லை. அவர் தலை கோட்டுக்கு மேலே நிற்கிறது. ஒரே கார், ஒரே வளையம், ஆனால் அவரை நீங்கள் உள்ளே விடக் கூடாது. கன்வெர்ட்டிபிளுக்கு அனுமதி உண்டா இல்லையா என்று காரின் பெயரைக் கொண்டு தீர்மானிப்பது ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு படத்தைப் பதிவின்போதே வாங்கிப் பார்த்துவிட்டு ஆம், இல்லை என்று சொல்லிவிட்டால், நூறு கிலோமீட்டர் வந்தபின் திரும்பிப் போக வேண்டிய நிலை யாருக்கும் வராது.

முழு ரோல் கேஜ் கட்டாயம் என்பவர்களுக்கு ஒரு சொல். பந்தயத்துக்கென்றே வைத்திருக்கும் காருக்கு அது சரி. ஆனால் தினமும் சாலையில் ஓடும் காரில், தலைக்கருகில் இரும்புக் குழாய் இருப்பது ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும் மற்ற எல்லா நாள்களிலும் ஆபத்து; சிறு மோதலில்கூட மண்டை அதில்தான் அடிபடும். மேலும், பதிவுச் சான்றிலுள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அப்படி வெல்டிங் செய்த காரோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய் நின்று விளக்கம் சொல்ல வேண்டியவன் நான்தான். கோட்டுக்கு மேலே தலை நிற்பவர் ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். சாலைக் காரைப் பந்தயக் காராக்கி வா என்று சொல்லாதீர்கள்.

கைகளைப் பற்றியும் விதி வேண்டும். கார் கவிழும்போது கை வெளியே வீசப்படாமலிருக்கத் திறந்த கார்களில் கைக்கட்டு வார் கேட்பது பல இடங்களில் வழக்கம். அதன் காரணம் நியாயமானது. ஆனால் டிராக் டேயில் நேர்ப்பாதையில் மட்டும், முன்னால் போகிறவர் கையை வெளியே நீட்டி வழி காட்டினால்தான் முந்தலாம் என்றும் நீங்களே சொல்கிறீர்கள். வார் கட்டிய கை வெளியே வராது. கன்வெர்ட்டிபிள்களுக்கு மட்டும் இண்டிகேட்டரை வழிச் சைகையாக ஏற்று, காலைக் கூட்டத்தில் எல்லா ஓட்டுநர்களுக்கும் அதைச் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஹெல்மெட்டிலும் இப்படித்தான்: இருசக்கர வாகனத்துக்கான ஐஎஸ்ஐ ஹெல்மெட் போதும் என்கிறார் ஒருவர், ஸ்னெல் எஸ்ஏ (கார் பந்தய ஹெல்மெட்டுக்கான தரம்) முத்திரை வேண்டும் என்கிறார் மற்றொருவர். எஸ்ஏ வகையில் உள்துணி தீயைத் தாங்குமா, ரோல் பாரில் மோதினால் தாக்குப்பிடிக்குமா என்றெல்லாம் சோதிக்கிறார்கள். அது விலை கூடியது என்றாலும் திறந்த காருக்கு அதைக் கட்டாயமாக்கினால் நான் எதிர்க்க மாட்டேன்.

சோதனையில் தேறி உள்ளே போனவன் அன்று மாலை அதே காரில் வீடு திரும்ப வேண்டும் என்பதை எந்த விதிப் படிவமும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. டிரெய்லரில் கார் கொண்டு வருபவருக்கு பிரேக் தேய்ந்துபோனால் செலவு மட்டும்தான். எனக்கோ இரவு நேரத்து லாரிகளுக்கு நடுவே நூறு கிலோமீட்டர். இருங்காட்டுக்கோட்டையின் முழுப் பாதை 3.7 கிலோமீட்டர். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், ஓட்டுநரையும் சேர்த்து ஒன்றரை டன்னைத் தாண்டும் காரை ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்திப் பிடிக்கும்போது பிரேக் திரவம் கொதிக்கும் அளவுக்குச் சூடேறலாம். டாட் 4 என்ற தரவகைப் பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் உறிஞ்சிய பழைய திரவத்துக்கு அந்த எல்லை 155 பாகைதான். இரண்டு மழைக்காலம் பார்த்த திரவத்தோடு வருபவருக்கு, ஐந்தாம் சுற்றில் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும்போதுதான் விஷயம் தெரிகிறது. எனக்கும் ஒரு முறை அப்படித் தெரிந்தது. ஓரமாக விலகி வந்து, ஆற விட்டு, மாலையில் பாதி வேகத்தில் ஊர் வந்து சேர்ந்தேன். வழி நெடுக வீட்டில் என்ன சொல்வது என்பதே யோசனையாக இருந்தது. திரவம் மாற்றிய தேதியைப் படிவத்தில் கேளுங்கள். ஒரு முறைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓடி ஆற்றச் சொல்லுங்கள். மாலையில் சாலைக் கார்களின் பிரேக் பேட், டயர், சக்கரப் போல்ட் ஆகியவற்றைப் பார்த்து அனுப்ப ஒரு மெக்கானிக்கை நிறுத்துங்கள். அதற்குத் தனிக் கட்டணம் என்றாலும் தருவோம். என்னைப் போன்றவர்களுடைய கார்களில் ஸ்டெப்னிகூடக் கிடையாது.

காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மோட்டார் காப்பீட்டுப் பத்திரத்தில் ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை. பலர் அது தெரியாமல்தான் வருகிறார்கள். தடுப்புச் சுவர் உடைந்தால் யார் பணம் தருவது என்பதையும் சேர்த்து, படிவத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இனி ஆட்டோகிராஸ். நம் நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் மண்தளம் என்றே பொருள். மண்ணில் கார் ஓட்டுவது தனித் திறமை, அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் தரையோடு தரையாகப் போகும் காருக்கும், புழுதி புகுந்தால் அடைத்துக்கொள்ளும் கூரை வடிகால்களுக்கும் அது ஒத்துவராது. அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்பது தார்த் தளத்தில் கோன்களை அடுக்கி, ஒரு நேரத்தில் ஒரு காராகக் கடிகாரத்தோடு போட்டியிடுவது. ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு நிமிடம். பெரும்பாலும் இரண்டாம் கியரைத் தாண்ட வேண்டியிருக்காது. கோனைத் தட்டினால் இரண்டு வினாடி தண்டனை. தினமும் ஓட்டும் திறந்த காருக்கு டிராக்கைவிட இதுவே பொருத்தம், ஏனெனில் இங்கே தவறு செய்தவன் இடிப்பது சுவரை அன்று, பிளாஸ்டிக் கோனை. பின்சக்கரம் எப்போது வழுக்கும், பிரேக்கை எப்போது விட வேண்டும் என்பதை நான் கற்றது பெங்களூரில் இப்படி நடந்த ஒரு பயிற்சியில்தான்.

இதை வேலூரில் நடத்துங்கள். பழைய வட ஆற்காடு இன்று பல மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டது. அவற்றில் எதிலும் இப்படி ஓட்டிப் பழக முறையான இடம் இருப்பதாக நான் அறியேன். விளைவு உங்களுக்கும் தெரியும்: ஞாயிறு காலையில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பையன்கள் நேரம் குறித்து ஏறுகிறார்கள், எதிரே அரசுப் பேருந்து இறங்கி வருகிறது. பொதுச் சாலையில் பந்தயம் விடுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. தண்டனை இருப்பது சரிதான். ஆனால் வேறு எங்கே போவது என்று அவர்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இருங்காட்டுக்கோட்டைப் பாதை வருவதற்கு முன் சென்னைக்காரர்கள் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் விட்டார்கள். எங்களுக்கும் அப்துல்லாபுரத்தில் ஓர் ஓடுதளம் இருக்கிறது. அது விமானச் சேவைக்கென்று புதுப்பிக்கப்பட்டது, ஆகவே அதை நான் கேட்கவில்லை. இரண்டு மூன்று ஏக்கர் தார்த் தளமோ சிமெண்ட் தளமோ போதும். ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் லாரி நிறுத்தங்கள் இந்தப் பக்கம் உண்டு. அவற்றில் இரண்டின் உரிமையாளர்களிடம் பேசியும் விட்டேன். இருவரும் மறுக்கவில்லை, யார் பொறுப்பேற்பார்கள், ஆம்புலன்ஸ் நிற்குமா, காவல்துறை அனுமதியை யார் வாங்குவார்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்குத் தனி ஆளாக என்னால் பதில் சொல்ல முடியாது, உங்களால் முடியும். தேதி வைத்தால் மார்கழி அல்லது தை மாதமாகப் பாருங்கள்; வைகாசியில் எங்கள் ஊர்த் தார்த் தளத்தில் டயருக்கு முன் ஆள் உருகிவிடுவார்.

உயரம் அளந்த பக்கவாட்டுப் படங்கள் இரண்டு, ஒன்று நான் தேறியது, மற்றொன்று மைத்துனர் தேறாதது, என்னிடம் ஆயத்தமாக உள்ளன. விதியை எழுத உட்காரும்போது கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து, கூரை திறக்கும் கார் ஒன்றின் உரிமையாளர்