அம்மாவும் அப்பாவும் ஒரே உதடு

சாட்ஸ்வொர்த், டர்பன்
ஆடி மாதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், கதை சொல்லப் போவதில்லை. உனக்கும் முழங்கால் வலி வந்துவிட்டதா? சரி, வயசை ஒத்துக்கொள்வோம். இங்கே ஆடி என்றால் குளிர்காலம். இருந்தாலும் அம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் விடமாட்டார்கள். தமிழில் பெயர் மட்டுமே மிச்சமிருக்கிற வீட்டிலிருந்துகூட நேற்று ஒரு தூக்குக் கூழ் வந்தது.

"பேச்சு வரவையுங்கள், கையை ஆட்டக் கற்றுக்கொடுக்காதீர்கள்" என்று உன் பள்ளியில் காது கேளாத பிள்ளைகளின் பெற்றோர் சண்டைக்கு வருவதாக எழுதியிருந்தாய். இங்கேயும் அதே சண்டைதான், இங்கிலீஷில்.

நமக்கும் ஆசிரியர் பயிற்சியில் அதைத்தானே சொல்லிக்கொடுத்தார்கள்? விடுதிக் கண்ணாடி முன் உட்கார்ந்து சத்தமில்லாமல் 'அம்மா', 'அப்பா' என்று சொல்லிப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உதட்டில் இரண்டும் ஒன்றுதான். மாடும் பாடும் ஒன்று. 'க' வாய்க்குள்ளேயே நின்றுவிடும். இதை வைத்து ஒரு பிள்ளை மொழியைப் பிடிக்க வேண்டுமாம்! அன்றைக்கே சந்தேகம் வந்தது, கேட்கத்தான் தைரியம் இல்லை.

இங்கே தென்னாப்பிரிக்காவில் 2023 ஜூலையில் அரசியலமைப்பைத் திருத்திச் சைகை மொழியைப் பன்னிரண்டாவது ஆட்சிமொழி ஆக்கினார்கள். அதற்கு முன்பே, 2018இல், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் பிள்ளைகள் அதைத் தாய்மொழிப் பாடமாக எழுதினார்கள். எழுதினார்கள் என்பது தப்பு, கேமரா முன்னால் கையால் பதில் சொன்னார்கள். சட்டம் வந்த வருடம்தான் மின்வெட்டும் உச்சம். ராத்திரி கரண்ட் போனால் மற்றப் பிள்ளைகள் இருட்டில் அரட்டை அடிக்கும். எங்கள் விடுதியில் பேச்சே நின்றுவிடும். அப்புறம் ஒருவன் டார்ச் எடுப்பான். யார் பேசுகிறானோ அவன் கைமேல் வெளிச்சம் அடிப்பான்.

ஏட்டி, எழுத உட்கார்ந்தது வேறொன்றைச் சொல்ல.

போன வருடம் ஒன்பது வயதில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். தமிழ் வீடு. அதுவரை காது கேட்கும் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். கடன் வாங்கிக் காது மிஷின் போட்டிருந்தார்கள். காது வளர வளர, உள்ளே பொருத்தும் அச்சு சேராமல் அது விசிலடிக்க, கழற்றிப் பையில் போட்டுவிட்டான். பேச்சும் இல்லை, சைகையும் இல்லை. தினமும் ஐந்து மணிக்கு வாசல் கேட்டில் போய் நிற்பான் என்று அவனுடைய ஆயா (பாட்டி) சொன்னார். தாத்தா பஸ்ஸில் வந்து இறங்கும் நேரமாம் அது. தாத்தா போய் இரண்டு வருடம். சாவு வீட்டில் பிள்ளை எதற்கு என்று இவனை உறவுக்காரர் வீட்டில் விட்டிருக்கிறார்கள். பிறகு அவனுக்கு எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் பள்ளி முற்றத்தில் ஒரு மைனா செத்துக் கிடந்தது. (இங்கே மைனா காக்கா மாதிரி. நம் நாட்டிலிருந்து வந்ததுதான்.) என் உதவியாசிரியருக்கும் காது கேட்காது. அவர் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, பறப்பது, விழுவது, செத்துப்போவது என்று சைகை காட்டினார். இவன் குச்சியால் மைனாவைப் புரட்டிப் பார்த்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினான். அது தாத்தாவுக்கு அவனாக வைத்திருந்த பெயர் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மீசை, மைனா, மறுபடி மீசை. நான் தலையாட்டினேன். அன்று மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

இப்போது அந்த ஆயா சனிக்கிழமை தோறும் இரண்டு பஸ் மாறி வந்து சைகை கற்றுக்கொள்கிறார். முதலில் என்ன வேண்டும் என்று கேட்டேன். சாப்பாடு, தண்ணீர் என்று சொல்வார் என நினைத்தேன். "ஆஸ்பத்திரியில் தாத்தா உன்னைத்தான் கேட்டார். இதை எப்படிச் சொல்வது?" என்றார்.

நம் ஊர்ச் சைகையில் எழுத்துக்கு இரண்டு கை, இங்கே ஒரு கை என்பதால் எனக்கே இன்னும் கை தடுமாறுகிறது. உன் பிள்ளைகள் மீசைக்காரத் தாத்தாவுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று கேட்டு எழுது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கருப்பட்டி கொடுத்தனுப்பு.

உன் பழைய அறைத்தோழி