பெரம்பூர் கிட்டார் குழு: செயலாளர் ஆண்டறிக்கை, 2024-25

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் 2024ல இருந்து மார்ச் 2025 வரைக்குமான அறிக்கை இது, பொதுக்குழுவுல வாசிச்சதையே கொஞ்சம் விரிச்சு எழுதியிருக்கேன், அன்னிக்கு மெட்ரோ வேலை ட்ராஃபிக்ல மாட்டி வர முடியாமப் போனவங்களுக்கும் சேத்து.

வருஷ ஆரம்பத்துல உறுப்பினர்கள் 24 பேர், இப்ப 33 பேர். இந்த நம்பருக்குப் பின்னாடி ஒரு விஷயம் இருக்கு, அதை சொல்லத்தான் இந்த அறிக்கையே எழுதுறேன்னு கூட வச்சுக்கலாம். அதுக்கு முந்தின வருஷம் புதுசா 14 பேர் சேந்தாங்க, வருஷம் முடியறப்ப அதுல 4 பேர்தான் வந்துட்டு இருந்தாங்க. மூணு மாசம் வருவாங்க, ஜி, சி, டி, ஈ மைனர் எல்லாம் புடிப்பாங்க, ஒரே விரலால ஆறு ஸ்ட்ரிங்கையும் சேத்து அமுக்க வேண்டிய எஃப் கார்ட் வர்ற வாரம் காணாமப் போயிடுவாங்க. எனக்கு இது மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. ஏப்ரல்ல உக்காந்து அந்த 10 பேருக்கும் போன் போட்டேன், முக்காவாசி பேர் ஒரே பதில்தான் சொன்னாங்க, "அண்ணா விரல் செம வலி, எனக்கெல்லாம் வராது போல". ஒரு காலேஜ் தம்பி மட்டும் கிட்டாரை வித்துடலாம்னு இருக்கேன், வந்து பாருங்கன்னு சொன்னான். போய் கையில வாங்கி வாசிச்சுப் பாத்தேன். கழுத்துல குறுக்கால பதிச்சிருக்க கம்பிதான் ஃப்ரெட், அதுல பன்னெண்டாவது ஃப்ரெட்ல தடிச்ச ஆறாவது ஸ்ட்ரிங் 4 மில்லிமீட்டர் உயரத்துல நிக்குது! பதினஞ்சு வருஷமா வாசிக்கிற என்னாலயே அதுல எஃப் புடிக்க முடியல, அந்தப் பையன் அதோட மூணு மாசம் மல்லுக்கட்டி இருக்கான், கடைசில தனக்குத் திறமை இல்லன்னு முடிவு பண்ணிட்டான். வாங்குன கடையில "வாசிக்க வாசிக்க விரல் பழகிடும் சார்"னு சொல்லி அனுப்பியிருக்காங்க. விரல் பழகும், நுனி காய்ச்சுப் போகும், அது உண்மைதான். ஆனா ஸ்டீல் ஸ்ட்ரிங்ல 4 மி.மீ. ஆக்ஷனுக்கு (ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கிற உயரம்) யார் விரலும் பழகாது.

அதனால ஜூன் மாசக் கூட்டத்துல பாட்டு எதுவும் வேணாம், எல்லாரும் அவங்கவங்க கிட்டாரை எடுத்துட்டு வாங்கன்னு சொன்னோம். நம்ம குழுவுல லேத் பட்டறை வச்சிருக்க அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவர்தான் அன்னிக்கு ஹீரோ. மொத்தம் 19 கிட்டார் பாத்தோம், அதுல 12 கிட்டார்ல ஆக்ஷன் ரொம்ப அதிகம். அளக்குறதுக்கு அவர் சொல்லிக்குடுத்த வழி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறேன், இருந்தாலும் எழுதிடறேன். ஒரு ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ. தடிமன், மூணு கார்டை அடுக்கினா கிட்டத்தட்ட 2.3 மி.மீ., அதை பன்னெண்டாவது ஃப்ரெட் மேல வச்சு ஆறாவது ஸ்ட்ரிங்கை லேசா தொடுதான்னு பாருங்க, ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டாருக்கு அந்த அளவுதான் சொகுசு (நைலான் ஸ்ட்ரிங்ன்னா 4 மி.மீ. வரைக்கும் சாதாரணம், அதை பாத்து பயப்பட வேணாம்). நட் (கழுத்தோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற சின்னப் பட்டை) பக்கம் பாக்க மூணாவது ஃப்ரெட்டை அமுக்கிப் புடிச்சுட்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவுல எவ்வளவு இடம்னு பாருங்க, ஒரு பேப்பர் தடிமன் இருந்தா போதும். நெறைய பேருக்கு எஃப் வராததுக்கு காரணம் இந்த நட்தான், முதல் ஃப்ரெட்டுக்கு பக்கத்துலயே உக்காந்திருக்கதால அங்க கொஞ்சம் உயரம் கூடினாலும் எஃப் மாதிரி ஒரே விரலால எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்குற பேர் (barre) கார்டுக்கு கை கதறும்.

கழுத்தோட வளைவை சரி பண்ண அதுக்குள்ள ஓடுற கம்பி, ட்ரஸ் ராடை, ஆலன் கீ போட்டு ஒரு தடவைக்கு கால் சுத்துக்கு மேல திருப்பக்கூடாது, திருப்பிட்டு கழுத்து செட்டாக விடணும். சேடிலை (பாடிப் பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற பட்டை) கழட்டி அடிப்பக்கம் உப்புத்தாள்ல தேய்ச்சோம், அங்க 1 மி.மீ. தேய்ச்சா பன்னெண்டாவது ஃப்ரெட்ல அரை மி.மீ.தான் இறங்கும், ஏன்னா அந்த ஃப்ரெட் ஸ்ட்ரிங்கோட சரி பாதில இருக்கு. இந்தக் கணக்கு தெரியாம வீட்ல ஒருத்தர் ஒரேயடியா தேய்ச்சு ஸ்ட்ரிங் எல்லாம் ஃப்ரெட்ல அடிச்சு கொர்ர்னு சத்தம் வந்து புது சேடில் வாங்க வேண்டியதாச்சு, தயவு செஞ்சு அளந்துட்டு தேய்ங்க. காலைல 10 மணிக்கு ஆரம்பிச்சது சாயங்காலம் ஆறரை ஆச்சு, யாரும் சாப்பிடக் கூட ஒழுங்கா போகல. அந்தக் காலேஜ் தம்பியோட கிட்டார் 2.5 மி.மீ.க்கு வந்துச்சு. அவன் எஃப் புடிச்சு ஆறு ஸ்ட்ரிங்கும் சுத்தமா பேசினதும் ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டான், எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. அவன் இப்பவும் வர்றான். ஜூலைல புதுசா சேந்த 11 பேர்ல 9 பேர் மார்ச் வரைக்கும் நிலைச்சிருக்காங்க, சேந்த அன்னிக்கே கிட்டாரை அளந்து சரி பண்ணிக் குடுத்துதான் முதல் பாடமே ஆரம்பிச்சோம்.

பாடம் பத்தியும் சொல்லணும். நம்ம குழுவுல சினிமாப் பாட்டு வேணும்ங்கறவங்க, சர்ச்ல வாசிக்கணும்ங்கறவங்க, கிளாசிக்கல் படிக்கிறவங்கன்னு மூணு கூட்டம் இருக்கு, எதுல ஆரம்பிக்கிறதுன்னு எப்பவுமே ஒரு இழுபறிதான். வாய்ப்பாட்டு டீச்சரா இருக்க நம்ம உறுப்பினர் அம்மா ஆகஸ்ட்ல ஒரு யோசனை சொன்னாங்க, விரல் பயிற்சிக்கு கர்நாடக சங்கீதத்துல முதல்ல சொல்லிக்குடுக்குற சரளி வரிசையவே வச்சுக்கலாமேன்னு. அஞ்சாவது ஸ்ட்ரிங் மூணாவது ஃப்ரெட்டை ச-ன்னு வச்சுக்கோங்க, அடுத்த ஃப்ரெட் ரி, நாலாவது ஸ்ட்ரிங்ல ரெண்டும் மூணும் க, ம, மூணாவது ஸ்ட்ரிங் ஓப்பன் ப, அதுலயே முதல் ஃப்ரெட் த, ரெண்டாவது ஸ்ட்ரிங் ஓப்பன் நி, முதல் ஃப்ரெட் மேல் ச. சரளி வரிசையோட ராகம் மாயாமாளவகௌளை முழுசும் முதல் நாலு ஃப்ரெட்டுக்குள்ளயே அடங்கிடுது! மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டுன்னு வச்சு மூணு காலத்துலயும் (மூணு வேகத்துலயும்) வாசிச்சா ஒவ்வொரு விரலுக்கும் வேலை இருக்கு, கேக்கறதுக்கும் சுகமா இருக்கு. சின்ன வயசுல பாட்டு கிளாஸ் போய் பாதில விட்டவங்க நம்மள்ல நெறைய பேர் இருக்காங்க, அவங்க முகத்துல ஒரு சந்தோஷம் பாக்கணுமே.

அதே அம்மாவுக்கு கூட வாசிக்கிறப்பதான் கேப்போ (கழுத்துல மாட்டி எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒரு ஃப்ரெட்ல அமுக்கிப் புடிக்கிற கிளிப்) எதுக்குன்னு பலருக்கு புரிஞ்சுது. அவங்க சுருதி அஞ்சரைக் கட்டை, அதாவது ஜி ஷார்ப், அதை நேரா புடிச்சா முழுக்க பேர் கார்டுதான், முதல் ஃப்ரெட்ல கேப்போ போட்டு ஜி ஷேப்ல வாசிச்சா முடிஞ்சுது. ஒன்றரைக் கட்டைல பாடறவருக்கு அதே கேப்போ, சி ஷேப். பாடறவங்க கட்டைய முதல்ல கேளுங்க, அப்புறம் கார்ட் தேடுங்க.

கூட்டங்கள் மாசத்துக்கு ஒரு சனிக்கிழமைன்னு 11 நடந்துச்சு. நவம்பர் கூட்டம் 30ஆம் தேதி வச்சிருந்தோம், அன்னிக்குதான் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்துச்சு, ரத்து பண்ணிட்டோம். அந்த மழைக்கப்புறம் ஸ்ட்ரிங் துருப்புடிச்சதும் டாப் (கிட்டாரோட மேல்பலகை) உப்பி ஆக்ஷன் ஏறுனதும் நெறைய பேருக்கு ஆச்சு. மரத்துக்கு 45ல இருந்து 55 சதவீத ஈரப்பதம் போதும், நம்ம ஊர்ல மழைக்காலத்துல அதெல்லாம் நடக்காத காரியம், அதனால வாசிச்சு முடிச்சதும் பருத்தித் துணியால ஸ்ட்ரிங்கை துடைங்க, பைக்குள்ள சிலிக்கா ஜெல் போடுங்க, வெளிச்சுவர்ல மாட்டாதீங்க.

டிசம்பர் 15 தபலா மேதை ஜாகிர் உசேன் காலமானாரு. 21ஆம் தேதி கூட்டத்தை அவர் நினைவாவே நடத்தினோம், முழுக்க அவர் வாசிச்ச சக்தி குழுவோட பதிவுகளைத்தான் கேட்டோம். கிட்டார் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், கடம் நம்ம சென்னை விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர்னு எழுபதுகள்ல சேந்த குழு. மெக்லாஃப்லின் அதுக்காகவே செஞ்சு வாங்கின கிட்டார்ல ஃப்ரெட்டுக்கு நடுவுல மரத்தைக் குழிவா செதுக்கி இருக்கும், கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைக்கிறது) ஸ்ட்ரிங்கை இழுக்க வசதியா, கூடவே குறுக்கால ஏழு ஸ்ட்ரிங் சுருதிக்காக. வீணைல மெழுகு மேல நிக்கிற உயரமான மெட்டுல விரல் எப்படி ஓடுமோ அந்த சுகத்தை கிட்டார்ல தேடியிருக்காரு. அன்னிக்கு பேச்சு அதிகம் இல்ல, எல்லாரும் கண்ணை மூடி கேட்டுட்டே இருந்தாங்க.

பிப்ரவரி 8 ஆண்டு விழா. 14 பேர் வாசிச்சாங்க, ரயில்வேல இருந்து ஓய்வு பெற்ற நம்ம ஐயா 63 வயசுல முதல் தடவையா மேடை ஏறினாரு, ஆர்த்ரைட்டிஸ் இருக்கதால பேர் கார்ட் புடிக்காம கீழ நாலு ஸ்ட்ரிங்ல மட்டும் சின்ன எஃப் வச்சே ரெண்டு பாட்டும் முடிச்சாரு, அவரோட பேத்திதான் பாடுச்சு. நடுவுல கரண்ட் போயி பத்து நிமிஷம் மைக் இல்லாமயே ஓடுச்சு, எனக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் விழாவுலயே ரொம்பப் புடிச்சது. டிரினிட்டி கிரேடு இசைத் தேர்வு எழுதுன 3 பேரும் பாஸ், வாழ்த்துகள். மார்ச் 8 லண்டன்ல இளையராஜா சார் சிம்பொனி அரங்கேறுன அன்னிக்கு நம்ம கூட்டமும் இருந்துச்சு, ஒரு காலத்துல ரெக்கார்டிங் ஸ்டுடியோல கிட்டார் வாசிச்சுட்டு இருந்தவர் போய் நின்ன இடம் அதுன்னு சின்னப் பசங்களுக்கு சொன்னோம்.

கணக்கு சுருக்கமா. தொடக்க இருப்பு 8,450 ரூபாய், சந்தா 34,300, நன்கொடை 5,000, ஆக மொத்தம் 47,750. வகுப்பறை வாடகை 18,000, ஸ்ட்ரிங்கும் டூல்ஸும் 11,600, விழா சவுண்ட் சர்வீஸ் 9,500, டீ, ஜெராக்ஸ் வகையறா 3,150. கையிருப்பு 5,500. பில் எல்லாம் பொருளாளர் அக்காகிட்ட இருக்கு, யார் வேணா பாக்கலாம்.

கடைசியா ஒண்ணு கேக்கணும். கிட்டார் வாங்க வசதி இல்லாம பக்கத்துத் தெருவுல இருந்து ஒன்பதாவது படிக்கிற பொண்ணு நாலு மாசமா வந்து சும்மா உக்காந்து பாத்துட்டுப் போகுது. உங்க வீட்ல பரண் மேல, பீரோ பின்னாடி ஒரு கிட்டார் தூங்கிட்டு இருந்தா ஸ்ட்ரிங் அறுந்திருந்தாலும் பரவாயில்ல, மே மாசக் கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க. லேத் அண்ணன் அளந்து சரி பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்காரு, புது ஸ்ட்ரிங் செட் நான் எடுத்து வச்சுட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்