டான்யூப் ஆணையத்துக்கு: வயலிலிருந்து வரும் நைட்ரஜனுக்குக் கணக்கு எங்கே?

வியன்னாவில் இயங்கும் டான்யூப் நதிப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையத்தின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

டான்யூப் வந்து கலக்கும் கருங்கடலின் வடமேற்குப் பகுதி ஓரளவு தேறியிருக்கிறது. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

1970களிலும் 80களிலும் உங்கள் ஆறு வயல் உரத்தின் நைட்ரஜனையும் சாக்கடையின் பாஸ்பரஸையும் கடலில் கொண்டுபோய்க் கொட்டியது. பாசி பெருகியது, செத்து அடியில் படிந்தது, அழுகும்போது ஆக்சிஜனைத் தின்று தீர்த்தது. சிப்பிகளும் கடலடி மீன்களும் கும்பல் கும்பலாக மாண்டன. 80களின் இறுதியில் ஆக்சிஜன் குன்றிய பரப்பு சுமார் 40,000 சதுர கிலோமீட்டர்.

அப்புறம் 1989 வந்தது. கிழக்கு ஐரோப்பாவில் ஆட்சிகள் கவிழ்ந்தன, கூட்டுப் பண்ணைகள் கலைந்தன, மானியம் நின்றது. உரம் வாங்க விவசாயியிடம் காசில்லை. பெரிய பன்றிப் பண்ணைகள் பல மூடப்பட்டன. கடலுக்குக் கிடைத்த முதல் நிம்மதி அந்த வறுமையால் வந்தது. ஆற்றைக் காக்கும் உங்கள் ஒப்பந்தம் சோஃபியாவில் கையெழுத்தானதே 1994 ஜூன் 29-இல்தான்; நடைமுறைக்கு வந்தது 1998-இல்.

அதன்பின் நடந்தவற்றில் உண்மையான உழைப்பு இருக்கிறது. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டின் கழிவுநீர் தும்போவிட்சா, ஆர்ஜெஷ் ஆறுகள் வழியாக அப்படியே டான்யூபில் கலந்துகொண்டிருந்தது. 2011-இல் கிளினா கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. துணி சோப்புத்தூளில் பாஸ்பேட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் வரம்பு கட்டியது. ஆனால் செர்பியத் தலைநகர் பெல்கிரேட் பல பத்தாண்டுகளாகத் தன் சாக்கடையைச் சாவா ஆற்றிலும் டான்யூபிலும் திறந்துவிட்டு வந்திருக்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடு, பணம் இல்லை என்பார்கள். சரி, பதினான்கு நாடுகளும் ஒன்றியமும் ஒரே மேசையில் உட்கார்வது பிறகு எதற்கு?

சாக்கடையாவது குழாய் வழியாக வருகிறது. குழாயின் முனையில் நிலையம் கட்டலாம், அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டலாம். வயலில் கூடுதலாகப் போட்ட உரத்துக்கு அப்படி ஒரு முனை கிடையாது. மழையோடு மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரில் வருடக்கணக்கில் தங்கி, எப்போதோ ஆற்றில் வந்து சேரும். இன்று உரத்தைக் குறைத்தாலும் பலனைப் பார்க்கப் போவது அடுத்த தலைமுறையாக இருக்கலாம். சில ஆண்டுகளுக்கொரு தேர்தலைச் சந்திக்கும் அரசுகளுக்கு அதில் என்ன அவசரம்? ருமேனியச் சமவெளியில் விவசாயம் மறுபடி எழுந்துவிட்டது, உரப் பயன்பாடும் 90களைவிடக் கூடியிருக்கிறது. 90களின் வறுமை கொடுத்த சலுகையை நிரந்தரம் என்று நம்பிவிடாதீர்கள்.

வேளாண்மைக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறீர்கள். நல்ல ஏடுதான், ஆனால் எந்த நாட்டையும் அது கட்டுப்படுத்தாது. 2027 இறுதிக்குள் வரவேண்டிய அடுத்த நதிப்படுகைத் திட்டத்தில் பயிர் எடுத்துக்கொண்டது போக ஒவ்வொரு நாட்டு வயல்களிலும் தங்கும் நைட்ரஜன் மிச்சத்தையும் நாட்டின் பெயரோடு முதல் பக்கங்களிலேயே அச்சிடுங்கள். படுகைக்கு ஒரு சராசரி என்று போட்டால் யாருக்கும் உறைக்காது.

இன்னொன்று. ஒன்றியத்தின் 2024 கழிவுநீர்ச் சட்டம், மருந்து, அழகுசாதனப் பொருள்களின் எச்சம் போன்ற நுண்மாசுகளை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் எதிர்க்கத்தான் செய்கின்றன, இருந்தாலும் சட்டம் வந்துவிட்டது. உரம் விற்பவர்களிடம் அதே கேள்வியைக் கேட்க என்ன தயக்கம்? சட்டம் போடும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பது தெரியும். உங்கள் அமைச்சர்கள் அடுத்துக் கூடும்போது இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும் அதிகாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
நதிநீர்ச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கும் ஒரு தமிழ் வாசகர்