கணிப்பு எடுத்த தேதியைப் போடுங்கள்

ஆசிரியருக்கு,

கோத்தகிரி டீக்கடையில் உட்கார்ந்தால், பச்சைத் தேயிலை விலை ஏறிய மாதம் ஒரு அரசியல் பேச்சு, இறங்கிய மாதம் வேறு பேச்சு. கருத்துக்கணிப்பும் அப்படித்தான், எப்போது கேட்கிறார்கள் என்பதில் பாதி பதில் இருக்கிறது.

2003 டிசம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கரில் ஜெயித்த சூட்டோடு, அக்டோபர் வரை நேரமிருந்தும் வாஜ்பாய் அரசு மக்களவைத் தேர்தலை 2004 ஏப்ரல், மே மாதங்களுக்கே இழுத்தது. கணிப்புகள் பெரும்பாலும் அவர் பக்கம்தான், கடைசியில் ஆட்சியே போனது, தமிழ்நாட்டில் 39 தொகுதியும் திமுக அணிக்கு. பிரிட்டனில் அப்போதைய பிரதமர் தெரசா மே 2017 ஏப்ரலில் கணிப்புகளில் இருந்த சுமார் 20 புள்ளி முன்னிலையை நம்பித் தேர்தலை அறிவித்தார், ஜூன் 8-க்குள் அது கரைந்து பெரும்பான்மையை இழந்தார். ஆனால் கருணாநிதி 1971-இல் ஓராண்டு முன்பே சட்டமன்றத் தேர்தலுக்குப் போய் 184 இடம் பிடித்தார், அதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

அதனால் கணிப்பை வெளியிடும்போது எந்தத் தேதிகளில், எத்தனை பேரிடம் எடுத்தது என்று தலைப்புக்குப் பக்கத்திலேயே போடுங்கள், கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில் வேண்டாம். அப்புறம், மே சீசனில் எங்கள் டாக்ஸிக்காரர்களிடம் கேட்டு எழுதாதீர்கள், அப்போது அவர்களுக்குச் சாப்பிடவே நேரமிருக்காது.

ஒரு வாசகர், கோத்தகிரி