பருப்பு குடித்த தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலைவாசி ஏறிக்கொண்டே போகும்போது புரதத்துக்கு எங்கே போவது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கட்டுரையோடு கட்டம் கட்டி ஓர் அட்டவணை போட்டிருந்தீர்களே, அது எங்கள் வீட்டில் ஒரு வாரமாகக் கலகம் செய்துகொண்டிருக்கிறது. அதைத் திருத்தி மறுபடியும் வெளியிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்பது அட்டவணையின் கணக்கு. கோழியின் நெஞ்சுக்கறிக்கு 31 கிராம், பாதாமுக்கு 21, பருப்புக்கு 9, கொண்டைக்கடலைக்கும் 9. என் அம்மாவுக்கு 76 வயது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்களை வரிசையாகப் படித்தவர், "இத்தனை வருஷம் பருப்பைத் தின்று என்ன கண்டோம்?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. அட்டவணையைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். அந்த வாரச் சாமான் பட்டியலில் பருப்பு பாதியாகக் குறைந்தது. பாதாம் புதிதாக இடம்பிடித்தது. பில்லைப் பார்த்துத் திடுக்கிட்ட பிறகுதான் நான் அந்தக் கட்டத்தை உற்றுப் பார்த்தேன்.

எண்களில் ஒன்றும் பொய் இல்லை. சிக்கலே அங்குதான். பருப்புக்குப் போட்டிருக்கும் 9 கிராம், வெந்த பருப்பின் கணக்கு. பாதாமுக்குப் போட்ட 21, கடையில் வாங்கியபடியே இருக்கும் பாதாமின் கணக்கு. கோழிக்குப் போட்ட 31, சமைத்த கறியின் கணக்கு. பச்சைக் கறியில் 22, 23 கிராம்தான் தேறும். வேகும்போது பருப்பு தண்ணீரைக் குடித்து ஊதுகிறது. கறி தண்ணீரை விட்டுச் சுருங்குகிறது. பாதாம் அடுப்புப் பக்கமே போகவில்லை. இந்த மூன்றையும் ஒரே கட்டத்துக்குள் நிறுத்துவது, ஈரத்துணியையும் காய்ந்த துணியையும் நிறுத்துப் பார்த்து எதில் நூல் அதிகம் என்று தீர்ப்புச் சொல்வதைப் போன்றது. காய்ந்த பருப்பில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட பருப்பு, எடைக்கு எடை பாதாமை முந்துகிறது.

வாயால் சொன்னால் அம்மா நம்பமாட்டார் என்று தெரியும். சமையலறைத் தராசில் 100 கிராம் கொண்டைக்கடலையை அவர் கண்ணெதிரிலேயே நிறுத்தேன். இரவு முழுவதும் ஊறப் போட்டு, விரலில் வைத்து அழுத்தினால் நசுங்கும் பதம்வரை வேகவைத்து, வடிகட்டி மறுபடியும் தராசில் வைத்தோம். 232 கிராம் காட்டியது. "100 கிராமுக்கு 9 என்றால் இதில் எவ்வளவு?" என்று பையனிடம் கேட்டேன். கைப்பேசியில் பெருக்கிப் பார்த்து, "ஏறக்குறைய 21" என்றான். காய்ந்த கடலையில் இருக்க வேண்டிய அளவும் கிட்டத்தட்ட அதுதான், 20 கிராம். புரதம் எங்கும் ஓடிவிடவில்லை. தண்ணீர் வந்து சேர்ந்திருக்கிறது. அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு வடித்த நீரை எட்டிப் பார்த்து, "இதோடும் கொஞ்சம் போயிருக்கும்" என்றார். அதுவும் உண்மைதான். அன்றிலிருந்து வேகவைத்த நீரைக் குழம்பில் சேர்த்துவிடுகிறோம்.

கையில் பணத்தை எண்ணி வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவருக்கு வெந்த எடை எதற்கு? அவர் காசு கொடுப்பது காய்ந்த பருப்புக்கு, பச்சைக் கறிக்கு, ஓட்டோடு இருக்கும் முட்டைக்கு. கணக்கும் அந்த நிலையில்தான் இருக்க வேண்டும். நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. ஒரு கிலோ பருப்பில் சுமார் 240 கிராம் புரதம். அதே 240 கிராம் முட்டையிலிருந்து வேண்டுமானால் 40 முட்டை வாங்க வேண்டும், ஒன்றுக்கு 6 கிராம் வீதம். பாலென்றால் 7 லிட்டருக்குச் சற்று மேல். எலும்பில்லாத பச்சைக் கோழிக்கறி ஒரு கிலோவும் இன்னும் கொஞ்சமும். பாதாம் ஒன்றே கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நிலக்கடலை ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவாகவே போதும். விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். இந்த அளவுகள் மாறுவதில்லை. அவரவர் கடை விலையை இவற்றின் பக்கத்தில் எழுதிக்கொண்டால் எது மலிவு என்பது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். எலும்போடு வாங்குகிறவர்கள் எலும்பின் எடையைக் கழிக்க மறக்கக் கூடாது. முட்டையின் மஞ்சள் கருவை எடுத்துக் கொட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: முட்டையிலுள்ள புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த மஞ்சளில்தான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதில் பாதிக்குச் சற்றுக் குறைவான புரதம் சாக்கடைக்குப் போகிறது.

பருப்பை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றின் புரதம் எளிதாகச் செரிக்கும். புரதத்தைக் கட்டும் சிறு கூறுகளான அமினோ அமிலங்களில் உடலுக்கு வேண்டியவை எல்லாம் போதிய அளவில் இருக்கும். பருப்பில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. ஆனால் அது தானியத்தில் இருக்கிறது. தானியத்தில் குறைவான லைசின் என்ற இன்னோர் அமினோ அமிலம் பருப்பில் தாராளமாக இருக்கிறது. இரண்டையும் ஒரே வேளையில்தான் சாப்பிட வேண்டும் என்றும் இல்லை, ஒரு நாளைக்குள் வந்தால் போதும். ஆகவே பருப்பை நம்புகிறவர்கள் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளலாம். அப்படிக் கூட்டினாலும் எங்கள் வீட்டுக் கணக்கில் பருப்புதான் மலிவு.

கட்டுரையில் தானியத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி நலமாக இருக்கும் பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 50 கிராம். ஒரு நாளில் 300 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு அதிலேயே 21 கிராம் வந்துவிடுகிறது. 50 கிராம் பருப்பு 12, ஒரு முட்டை 6, கால் லிட்டர் பால் 8. கூட்டினால் 47. மிச்சத்துக்கு ஒரு கைப்பிடி நிலக்கடலை போதும், கணக்கைத் தாண்டியும் விடும். கோதுமை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சற்று அதிகமாகவே கிடைக்கும். என் அம்மாவைப் போல வயதானவர்களுக்குக் கிலோவுக்கு 1 கிராமிலிருந்து 1.2 கிராம் வரை வேண்டும் என்று ஊட்டச்சத்து வல்லுநர்கள் பலர் சொல்கிறார்கள். வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தேவை கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கூட்டக் கூடாது. இதையெல்லாம் சொல்லத்தான் கட்டுரையில் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக அரைப் பக்கம் பொட்டலங்களுக்குப் போய்விட்டது. 'அதிகப் புரதம்' என்ற சொல்லைப் பார்த்து வாங்கும்படி கட்டுரை சொல்கிறது. அந்தச் சொல்லுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி இருக்கிறது: உணவு தரும் மொத்தக் கலோரியில் குறைந்தது 20 சதவீதம் புரதத்திலிருந்து வர வேண்டும். எடையும் விலையும் இதில் கணக்கே இல்லை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 100 கிராமில் 3 கிராம்கூடப் புரதம் இல்லாத பசலைக்கீரை சுலபமாகத் தேர்வு பெற்றுவிடுகிறது, அதில் கலோரியே மிகக் குறைவு என்பதால். 25 கிராம் புரதம் உள்ள நிலக்கடலையோ எண்ணெய்ச் சத்து மிகுந்ததால் 18 சதவீதத்தோடு தோற்றுப்போகிறது. கீரை சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. கீரையைத் தின்று புரதம் சேர்க்க முடியாது என்கிறேன். பையன் வாங்கிவந்த பிஸ்கட் பொட்டலத்தின் முகப்பில் 10 கிராம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. திருப்பிப் பார்த்தால் அது 100 கிராமுக்கான கணக்கு. பொட்டலமோ 40 கிராம். ஆக உள்ளே இருந்தது 4 கிராம். ஒரு முட்டை அதைவிட அதிகம் தரும்.

புரோட்டீன் பவுடரை நான் விஷம் என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் ஒரு கிராம் புரதத்துக்கு அது இறைச்சியைவிட மலிவாகக்கூட அமையலாம். கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஏசுவதும் தவறு. ஆனால் டப்பாவின் மேல் அச்சடித்த எண்ணை அப்படியே நம்ப எனக்குத் தயக்கம். ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. 1883இல் கெல்டால் என்ற டேனிஷ் வேதியியலாளர் வகுத்த முறையில் நைட்ரஜனை அளந்து, அதை 6.25 என்ற எண்ணால் பெருக்குகிறார்கள். நைட்ரஜன் உள்ள வேறு எதைக் கலந்தாலும் இந்த முறையில் புரதம் கூடியதாகத் தெரியும். 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தது இதற்காகத்தான். குழந்தைகள் இறந்தார்கள், லட்சக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். முழுப் பருப்பையும் முட்டையையும் வாங்குகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

அவித்துச் சாப்பிடும் பயறு வகைகளுக்கு எரிபொருள் செலவாகும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரவே ஊறவைத்தால் அது பெரிதும் குறையும். சிவப்பு ராஜ்மாவை மட்டும் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

திருத்திய அட்டவணையில் 'வாங்கும்போது', 'சமைத்த பின்' என்று இரண்டு பத்திகள் போதும். முன்பு போட்ட அதே அளவில் அச்சிட்டால் நல்லது. ஃபிரிட்ஜ் கதவில் இருப்பதை உரித்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும் என்று அம்மா சொல்கிறார். அதன்மேலேயே ஒட்டிவிடலாம் என்று இருக்கிறோம்.

இப்படிக்கு,
பல ஆண்டு வாசகர் ஒருவர்