குறைப்பதா, கொடுப்பதா

திருவட்டாறு,
27.12.2025

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

மெல்பர்னிலிருந்து நீ அனுப்பிய கட்டுரையைப் படித்து ஒரு மாதத்துக்கும் மேலாகிறது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த நான், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தோல் வழியாகத் தரும் ஒட்டுப்பட்டையைப் போட்டுக்கொள்ளலாமா என்று தொலைபேசியில் நீ கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன். அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். தம்பியோ ஈஸ்ட்ரோஜன் என்ற சொல்லைக் கேட்டதுமே, "எட்டு வருஷத்துக்கு முன்னால் பட்டது போதாதா அம்மா" என்று குரலை உயர்த்துகிறான். பயத்தில் பேசுகிற பிள்ளையோடு வாதாடி ஒன்றும் ஆகப்போவதில்லை. மேலும், இதில் சில செய்திகள் வாயால் சொல்ல எனக்கு வராதவை. எழுதினால் வரும் என்று தோன்றியது.

மே மாதம் நீ வந்திருந்தபோது, நள்ளிரவில் நான் அடுக்களைத் தரையில் வெறும் சிமெண்டின் மேல் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டாய். சூடு தாங்காமல் வந்து படுத்தேன் என்று மட்டும் சொன்னேன், நீயும் மே மாத வெக்கை என்றே அப்போது நினைத்திருப்பாய். மக்களே, இந்த மார்கழிப் பனியிலும் நான் அங்கேதான் படுத்தேன். நெஞ்சிலிருந்து கழுத்து வழியாகத் தலைக்கு அனல் ஏறும், இரண்டு மூன்று நிமிடத்தில் சேலை நனையும், பிறகு குளிர் நடுக்கும். ஓர் இரவில் ஆறு ஏழு முறை இப்படி எழுந்தால் விடியும்போது உடம்பு கழன்று கிடக்கும். கைவிரல் மூட்டுகளும் முட்டும் காலையில் அரை மணி நேரத்துக்கு மடங்காது. சக்கை வெட்டக் கத்தி பிடிக்க முடியாமல் போன இரண்டாவது ஆண்டு இது.

இத்தனையையும் நான் நோயாகக் கணக்கில் எடுக்கவில்லை, எடுக்க யாரும் விடவுமில்லை. முன்பு ஓரிடத்தில் பரிசோதனைக்குப் போயிருந்தபோது இதைச் சொன்னதற்கு, "உயிரோடு இருக்கிறீர்களே, அதை நினைத்துச் சந்தோஷப்படுங்கள்" என்றார் அங்கிருந்த மருத்துவர். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதன்பிறகு மூன்று ஆண்டுகள் நான் வாய் திறக்கவில்லை. செப்டம்பரில் ஒருநாள், தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு மருந்துக் கவுண்டரில் நின்றபோது, இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் வாங்க வந்த ஒரு பெரியவருக்குக் கிளிமிபிரைடு அட்டையை எடுத்துவிட்டேன். கையில் கொடுக்குமுன் சீட்டை மறுபடி பார்த்ததால் தப்பியது. சர்க்கரை நோயே இல்லாத ஒரு முதியவர் அதைத் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராக இருப்பவளுக்குத் தெரியாதா? அன்று மாலை வீட்டுக்கு வந்து அழுதேன். இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஆகவே உன் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. இந்த எட்டு ஆண்டுகளில் என் தூக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட முதல் ஆள் நீ.

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் தம்பியின் கோபமும் பெரியம்மையின் அறிவுரையும் அங்கிருந்துதான் வருகின்றன. நான் தின்பதையும் 'ஹார்மோன் சிகிச்சை' என்கிறார்கள், நீ கேட்பதையும் அப்படியே சொல்கிறார்கள். இரண்டும் நேர் எதிரானவை. 2018-இல் எடுத்த என் கட்டி ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொண்டு வளரும் வகை. அக்குளில் இரண்டு நெறிகளிலும், அதாவது நிணநீர் முடிச்சுகளிலும், பரவியிருந்தது. அறுவை முடிந்து, கீமோவும் கரண்டும் (கதிர்வீச்சு) முடிந்தபின், முதல் இரண்டு ஆண்டுகள் டமாக்சிபென் தந்தார்கள். அது உடம்பில் ஈஸ்ட்ரோஜன் இருக்கும்போதே மார்பகத்தில் அது ஒட்ட வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. மாதவிடாய் நின்றது இரத்தப் பரிசோதனையில் உறுதியான பிறகு லெட்ரோசோல் என்று மாற்றினார்கள். சினைப்பை ஓய்ந்த பிறகும் கொழுப்புத் திசுவில் ஊறிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்ச ஈஸ்ட்ரோஜனையும் ஊறவிடாமல் அது தடுக்கிறது. என் அனலும் மூட்டு வலியும் வறட்சியும் எலும்புத் தேய்வும் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. நீ சொல்லும் ஒட்டுப்பட்டையோ குறைத்த அந்தப் பொருளையே திரும்பக் கொடுப்பது.

நீ அனுப்பிய கட்டுரை, மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஈஸ்ட்ரோஜன் மருந்துகளின் மேல் 20 ஆண்டுகளுக்கும் அதிகமாக இருந்த, கறுப்புக் கட்டம் போட்டு அச்சிடும் கடுமையான எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடந்த நவம்பரில் அறிவித்ததைப் பற்றியது. அந்தச் செய்தி உண்மை, பல பெண்களுக்கு நல்லதும்கூட. ஆனால் அது மார்பகப் புற்றுநோய் வராதவர்களை மனத்தில் வைத்தது. என்னைப் போன்றவர்களுக்கு விடை வேறு ஆய்வுகளில் இருக்கிறது, அவற்றை நான் தேடிப் படித்தேன்.

சுவீடனில் 1997-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், சிகிச்சை முடித்த பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜன் சார்ந்த மருந்தும் மறுபாதிக்கு ஹார்மோன் அல்லாத வழிகளும் தந்தார்கள். நோய் திரும்புவது கூடியதைக் கண்டு 2003 இறுதியில் நிறுத்திவிட்டார்கள். பின்னர் 2008-இல் வெளியான கணக்குப்படி, ஹார்மோன் எடுத்த 221 பேரில் 39 பேருக்கும், எடுக்காத 221 பேரில் 17 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் திரும்பியோ புதிதாகவோ வந்திருந்தது. ஸ்டாக்ஹோமில் அதே காலத்தில் நடந்த இன்னோர் ஆய்வில் இப்படி நோய் திரும்புவது கூடவில்லை. அங்கே ஈஸ்ட்ரோஜனோடு தரும் இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டோஜன் குறைவாகச் சேர்க்கப்பட்டது. நீயும் இதைத்தான் எடுத்துக்காட்டினாய் என்பது நினைவிருக்கிறது. ஆனால் ஹார்மோன் போல வேலை செய்யும் டிபோலோன் என்ற மருந்தை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்த பெரிய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அதில் சுமார் மூன்று ஆண்டுகளில், மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கும் நோய் திரும்பியது. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்ந்த கட்டியும் நெறிவரை போன வரலாறும் உள்ள நான் அந்தப் பட்டையை ஒட்டிக்கொள்ளத் துணியமாட்டேன். கட்டிக்கு ஈஸ்ட்ரோஜனோடு தொடர்பே இல்லாதிருந்த ஒரு பெண், அல்லது முப்பத்தைந்து வயதில் சினைப்பை ஓய்ந்துபோன ஒரு பெண், வேறு முடிவுக்கு வரலாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இதோடு கதை முடியவில்லை. உன் கேள்வியை எடுத்துக்கொண்டு நவம்பர் கடைசியில் அப்பாவோடு காலை ஐந்து மணிப் பேருந்தில் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போனேன். அங்குள்ள பெண் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். "கொடுப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம், இன்னும் எத்தனை நாள் குறைக்க வேண்டும் என்று முதலில் பார்ப்போம்" என்றார் அவர். இந்த மாதத்தோடு டமாக்சிபெனும் லெட்ரோசோலும் சேர்ந்து எனக்கு 7 ஆண்டு நிறைகிறது. பத்து ஆண்டு தின்ன வேண்டும் என்றே நான் நினைத்திருந்தேன். ஆஸ்திரியாவில் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வை அவர் எடுத்துச் சொன்னார். ஐந்து ஆண்டு மாத்திரை முடித்தவர்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு கொடுத்தாலும் ஐந்து ஆண்டு கொடுத்தாலும் நோய் திரும்புவதில் வேறுபாடு இல்லை. கூடுதலாக எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு மட்டும் அதிகமாக இருந்தது. என் எலும்பு அடர்த்தியும் குறைந்துகொண்டே வருகிறது. நெறியில் பரவியிருந்ததால் என் மருத்துவ அறிக்கைகளை மற்ற மருத்துவர்களோடும் கலந்து பார்த்துவிட்டு, லெட்ரோசோலை நிறுத்துவதா, டமாக்சிபெனுக்குத் திரும்புவதா என்று ஜனவரியில் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை மக்களே.

அதுவரை சும்மா இருக்கவும் சொல்லவில்லை. இரவு அனலுக்கு வென்லாபாக்சின் 37.5 மில்லிகிராம் தொடங்கினார். அது மனச்சோர்வுக்குத் தரும் மருந்துதான், ஆனால் இந்த அனலையும் தணிக்கும். பராக்ஸெட்டினும் அனலுக்குத் தரப்படுவதுதான்; அது டமாக்சிபென் வேலை செய்யும் வழியைக் கெடுக்கும், வென்லாபாக்சினுக்கு அந்தத் தொல்லை குறைவு. திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதை நினைவில் வைத்திருக்கிறேன். மூன்றரை வாரத்தில் ஆறு ஏழு முறை எழுந்தது இரண்டு மூன்றாகியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை இரவு நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். மூட்டு வலிக்கு நடையும் எடை தூக்கும் பயிற்சியுமே நல்ல மருந்து என்றார். காலையில் தொட்டிப்பாலம் போகும் கால்வாய்க் கரையில் அப்பாவும் நானும் நடக்கிறோம். வீட்டில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கி இறக்குகிறேன். முட்டுக்கு வைத்திய ஆசானிடம் போய் எண்ணெய் தடவிக்கொள்வதை அவர் தடுக்கவில்லை. பெரியம்மை கொண்டுவந்த தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியத்தை மட்டும் நான் திறக்கவில்லை. அது பெண்களின் ஹார்மோனுக்கு நல்லது என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். அதனால்தான் எனக்கு வேண்டாம். அவள் வருத்தப்படுவாள், நீ பேசும்போது பக்குவமாகச் சொல்.

இனி எழுதப்போவதை நீ பெண் என்பதற்காகவும், வளர்ந்தவள் என்பதற்காகவும் எழுதுகிறேன். லெட்ரோசோல் தொடங்கியதிலிருந்து பிறப்புறுப்பு வறண்டு, சிறுநீர் எரிச்சல் அடிக்கடி வந்து, இந்த ஆண்டில் மட்டும் நான்கு முறை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுத்தேன். அப்பாவும் நானும் ஒருவரையொருவர் தொடுவதே நான்கு ஆண்டுகளாக நின்றுபோயிற்று. அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் வலிக்கிறது என்று சொல்லாமல் விலகினேன், அவர் எனக்கு விருப்பமில்லை என்று எண்ணி விலகினார். இந்த வயதில் அது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். எனக்கு 59 வயது, அவரோடு வாழ்ந்தது 34 ஆண்டு. எனக்கு அது வேண்டும்.

இதற்கென்றே குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு. பூசும் இடத்திலேயே பெரிதும் நின்றுவிடும், இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. டென்மார்க்கில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டதில், அதைப் பூசியவர்களுக்குப் பொதுவாக நோய் திரும்புவது கூடவில்லை, மரணமும் கூடவில்லை. ஆனால் என்னைப் போல லெட்ரோசோல் வகை மாத்திரையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடியிருந்தது. ஆகவே இப்போதைக்கு ஹார்மோன் இல்லாத ஈரப்பசைக் களிம்பு மட்டும். லெட்ரோசோல் நின்ற பிறகும் சரியாகவில்லையென்றால் அந்தக் களிம்பு. அதற்கு நான் தயாராக இருக்கிறேன். நீ கேட்ட ஹார்மோனில் நான் எடுக்கக்கூடியது அவ்வளவுதான். இதை அப்பாவிடமும் நானே சொல்லிவிட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார், பிறகு எழுந்து போய் எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார்.

தம்பியிடம் நீ ஒன்று சொல்ல வேண்டும். அம்மா ஆபத்தைத் தேடிப் போகவில்லை, ஆனால் அம்மாவின் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும்போது அம்மாவும் அந்த அறையில் இருப்பாள் என்று சொல். நான் சொன்னால் அவனுக்குக் கண் கலங்குகிறது.

உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு வந்ததால் உனக்கும் வரும் என்று பொருளில்லை. ஆனாலும் உனக்கு 33 ஆகிறது, அங்குள்ள மருத்துவரிடம் என் வயதையும் கட்டியின் வகையையும் சொல்லி, மேமோகிராம் எப்போது தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள். என் அறிக்கைகளின் நகலைத் தம்பி அனுப்புவான்.

ஜனவரி 12, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மருத்துவரைப் பார்க்கிறோம்; உனக்கு அப்போது பிற்பகல் இரண்டரை. ஒலிபெருக்கியில் போட்டு உன்னையும் பேசவைக்க அனுமதி கேட்டிருக்கிறேன், சரி என்றார்கள். கேட்க வேண்டியவற்றை இப்போதே எழுதி வை. நான் எழுதியதில் முதல் கேள்வி, மாத்திரையை நிறுத்தினால் எத்தனை நாளில் என் விரல்கள் மடங்கும் என்பது.

அன்புடன்,
அம்மா